சிற்றுருவக் கப்பலும் சுருங்க மறுக்கும் பொருள்களும்

பாய்மரக் கப்பல்களின் சிற்றுருவங்களைச் செய்வதற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இக்காலத்தில் ஒரே பெட்டியில் அடங்கிக் கிடைக்கின்றன. லேசர் ஒளியால் வெட்டப்பெற்ற ஒட்டுப்பலகைச் சட்டங்கள், மெல்லிய மரக்கீற்றுகள், உலோகத்தில் வார்த்த பீரங்கிகள், மிளகினும் சிறிய கப்பிகள், பல பருமன்களில் நூற்கண்டுகள், இவற்றோடு வரைபடத் தாள்கள் சில. வரைபடத்தைப் பின்பற்றி ஒட்டிக்கொண்டே போனால் கப்பல் உருவாகிவிடும் என்று பெட்டியை வாங்கியவர் எண்ணுவது இயல்பே. ஆயினும் இவ்வேலையில் இறங்குவோருள் பலர், உடற்பகுதியை ஒருவாறு முடித்தபின், பாய்மரம் நட்டுக் கயிறு கட்டும் நிலையில் அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். கைத்திறன் இன்மை இதற்குக் காரணமன்று. பெரிய பொருளொன்றைச் சிறிதாக்கும்போது அதன் நீள அகலங்கள் சுருங்குகின்றன. மரத்தின் நுண்துளைகளும் நூலின் விறைப்பும் காற்றின் ஈரமும் அவற்றோடு சேர்ந்து சுருங்குவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமையே பெரும்பாலான தவறுகளுக்கு மூலமாகும்.

‘விக்டரி’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். 1765இல் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பெற்று, 1805இல் டிரபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக விளங்கிய இது, போர்ட்ஸ்மத் நகரில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. இதன் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி. 72இல் ஒரு பங்காகச் சிற்றுருவம் செய்யின் அந்நீளம் ஏறக்குறைய 79 சென்டிமீட்டர் ஆகும். பரப்புகளோ 72இன் இருமடியாகிய 5,184இல் ஒரு பங்காகவும், கனஅளவு 72இன் மும்மடியாகிய 3,73,248இல் ஒரு பங்காகவும் குறைந்துவிடுகின்றன. 3,500 டன் எடையுள்ள கப்பலின் சிற்றுருவம், அதே நீர்மட்டத்தில் மிதக்கவேண்டுமாயின், சுமார் 9½ கிலோகிராம் எடையே கொண்டிருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் விந்தையொன்று உண்டு. காற்று கப்பலைச் சாய்க்கும் திறன் பாயின் பரப்பையும் அதன் உயரத்தையும் பொறுத்தது; ஆகவே அது நீளத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. கப்பல் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் திறனோ எடையையும் நெம்புதூரத்தையும் பொறுத்தது. அது நான்மடிக்கேற்பக் குறைகிறது. எனவே ஒரே காற்றில் சிற்றுருவம் தன் மூலத்தைக் காட்டிலும் 72 மடங்கு எளிதாகச் சாயும். குளத்தில் ஓடவிடும் சிறு கப்பல்களுக்கு, மூலத்தில் இல்லாத ஆழமான ஈய அடிப்பாரம் பொருத்துவது இதுபற்றியே. மேசைமீது நிற்கும் உருவத்திற்கு இக்கவலை இல்லை. அதற்கு வேறு கவலைகள் உள்ளன.

முதலாவது மரம். கருவாலி, தேக்கு ஆகியவற்றின் நுண்துளைகள் 0.3 மில்லிமீட்டர் வரை அகலமுடையவை. சிற்றுருவத்தில் அத்தகைய துளையொன்று, மூலக் கப்பலின் பலகையில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டைக்கு ஒப்பாகத் தோன்றும். மும்பையில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டி, 1817இல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பலுக்குச் சிற்றுருவம் செய்யப் புகுவோர் ஆர்வத்தால் தேக்கையே நாடின் ஏமாற்றமே அடைவர். தேக்குக் கப்பலைத் தேக்கைப்போல் காட்டுவதற்குத் தேக்கல்லாத மரமே வேண்டும். பெட்டிகளில் லிண்டன், பேரி முதலிய நுண்ணிழை மரங்களை வைப்பதன் காரணம் இதுவே. நம் நாட்டு மரங்களுள் மஞ்சட்கடம்பு இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. மஞ்சள் நிறமும் சீரான நுண்ணிழையும் உடைய அது, கடைசலுக்கும் செதுக்கலுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதாகும்.

உடற்பகுதியைப் பொறுத்தவரை அறியவேண்டியது ஒன்றே. ஏரா என்னும் அடிமரத்தின்மேல் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மீது கீற்றுகளை நீளவாக்கில் ஒட்டுகிறோம். கப்பலின் சுற்றளவு நடுவில் மிகுந்தும் அணியத்தில், அதாவது முன்முனையில், குறைந்தும் இருக்கிறது. நடுச்சட்டத்தில் 150 மில்லிமீட்டர் சுற்றளவை 5 மில்லிமீட்டர் அகலமுள்ள 30 கீற்றுகள் மூடுமாயின், 90 மில்லிமீட்டரே உள்ள முன்சட்டத்தில் அதே 30 கீற்றுகளும் அடங்க ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டராக ஒடுங்கவேண்டும். இவ்வாறு சீவாமல் ஒட்டத் தொடங்குவோரின் கீற்றுகள் பத்தாவது வரிசைக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வளைக்கும்போது கீற்றை நனைத்துச் சூடேற்றுதல் வேண்டும். மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இளகும், ஆறியபின் புதிய வடிவிலேயே இறுகும். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறிமாறி ஒட்டாவிடில் ஏரா முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ஏராவைப் பின்னர் நேராக்க இயலாது.

இனிக் கயிறுகளைக் காண்போம். ‘விக்டரி’ கப்பலில் ஏறக்குறைய 26 மைல் நீளக் கயிறு இருந்ததாகக் கூறுவர். 72இல் ஒரு பங்கெனின் அது 580 மீட்டர் நூலாகும். இதில் நிலைக்கயிறு, இயங்குகயிறு என இருவகை உண்டு. பாய்மரத்தை அசையாது நிறுத்துவது முதல்வகை. மழையிலும் உப்புநீரிலும் மக்காதிருக்கத் தார் பூசப்பெற்றதால் இது கருநிறமாக இருக்கும். பாயையும், பாய் தொங்கும் குறுக்குமரமாகிய பருமலையும் ஏற்றியிறக்கித் திருப்புவது இரண்டாம் வகை. கப்பிகளில் ஓடவேண்டியதாகலின் பெரும்பாலும் தாரின்றி வெளிறியிருக்கும்.

கயிற்றின் பருமனைத் தேர்வதில்தான் முதற்பிழை நேர்கிறது. பழைய ஆங்கில ஏடுகளில் ‘10 அங்குலக் கயிறு’ என்றிருந்தால் அது சுற்றளவைக் குறிக்குமேயன்றி விட்டத்தை அன்று. 10 அங்குலச் சுற்றளவுள்ள கயிற்றின் விட்டம் 81 மில்லிமீட்டர், சிற்றுருவத்தில் 1.1 மில்லிமீட்டர். விட்டமென மயங்கியவர் 3½ மில்லிமீட்டர்க் கயிற்றைக் கட்டிவிட்டுக் கப்பல் ஏன் இவ்வளவு முரடாகத் தோன்றுகிறது என்று வியப்பார். பெட்டியிலுள்ள நூலையும் கண்மூடி நம்பலாகாது. மெல்லிய கயிறுகளுக்குத் தடித்த நூலை வைத்திருப்பது பல பெட்டிகளில் காணும் குறை.

கட்டும் ஒழுங்கு கப்பலோட்டிகளின் வழக்கம் மட்டுமன்று, விசையியல் விதித்தது. பாய்மரத்தின் இருபுறமும் இறங்கும் தாங்குகயிறுகளை இரண்டிரண்டாக, வலப்புறம் ஓர் இணை, அடுத்து இடப்புறம் ஓர் இணை என மாற்றிமாற்றி மாட்டுவர். அவற்றின்மேல், முன்னோக்கிச் செல்லும் பெரிய தாங்குகயிறு அமரும். ஒரு பக்கத்தை முற்றும் முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கினால் மரம் அப்பக்கமே சாய்ந்துவிடும். தாங்குகயிற்றின் அடியில் மூன்று துளையுள்ள மரவட்டுகள் இணையாக உள்ளன; அவற்றினூடே செல்லும் சிறுகயிற்றை இழுத்தே இறுக்கம் திருத்தப்படும். எல்லாத் தாங்குகயிறுகளும் சமமாக இறுகும்வரை அச்சிறுகயிறுகளின் நுனியை வெட்டாதிருப்பது நன்று.

தாங்குகயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்காக, சுமார் 15 அங்குல இடைவெளியில் படிக்கயிறுகள் செல்லும். சிற்றுருவத்தில் இவ்விடைவெளி 5 மில்லிமீட்டரே. ஆறு தாங்குகயிறுகளும் முப்பது படிகளும் உள்ள ஒரு பக்கத்திற்கு 180 முடிச்சுகள் வேண்டும். கோடிட்ட அட்டையொன்றைப் பின்னால் நிறுத்திக்கொண்டால் இடைவெளி பிசகாது. ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் சற்றே மிகுதியாக இழுத்தால் ஓரத் தாங்குகயிறுகள் உள்வாங்கி, இடை ஒடுங்கிவிடும். இதனை எழுதுபவரின் முதற்கப்பலில் அது உடுக்கையின் வடிவையே பெற்றது. அறுத்து மீண்டும் கட்ட இரண்டு மாதங்கள் சென்றன.

பின்னர் வரும் வேலைக்குக் ‘கீழிருந்து மேலும், உள்ளிருந்து வெளியும்’ என்பதே வழி. பருமலுக்குரிய கப்பிகள் யாவற்றையும் அதனை மேலேற்றுமுன் மேசைமீதே கட்டிவிடவேண்டும். தளத்தின் நடுவில் முடியும் கயிறுகளை முதலிலும் விளிம்பில் முடிவனவற்றை இறுதியிலும் கட்டவேண்டும். மாலுமியின் கை நுழைந்த இடத்தில் நம் விரல் நுழையாது.

தொய்வாக விடவேண்டிய கயிறுகள் புதியவர்களைப் பெரிதும் திகைக்க வைப்பவை. மெய்யான கயிறு தன் எடையால் அழகிய வளைவாகத் தொங்கும். சிற்றுருவத்தின் நூலோ கம்பிபோல் விறைத்து நிற்கும். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்மடியையும், எடை விட்டத்தின் இருமடியையும், தொய்வு நீளத்தையும் பொறுத்தவை. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே பொருளால் ஒரே அமைப்பில் செய்த கயிறு 72இல் ஒரு பங்காகும்போது ஒப்புநோக்கில் 72 மடங்கு விறைப்பாகிறது. புவியீர்ப்பு நமக்கு உதவாதாகையால், நீர்த்த வெண்பசையில் நூலை நனைத்து, நடுவில் சிறு எடையைத் தொங்கவிட்டு, உலர்ந்தபின் எடுத்துவிடுதல் வேண்டும். சுருட்டி மாட்டிய கயிற்று வளையங்களுக்கும் இதுவே முறை.

கட்டி முடித்த கப்பல் நம் தட்பவெப்பத்தில் படும் பாடு தனியானது. பருத்தி நூலும் சணல் நூலும் ஈரத்தை உறிஞ்சினால் இழைகள் பருமனில் உப்புகின்றன. முறுக்கில் சுற்றிச்செல்லும் இழைக்குப் பாதை நீள்கிறது. இழையின் நீளம் அவ்வளவாக மாறாததால் கயிறு மொத்தத்தில் குறுகுகிறது. மே மாதத்து வறட்சியில் இறுகக் கட்டிய கப்பலின் மெல்லிய மேல்மரங்கள் மழைக்காலத்தில் வளைவதும், மழைநாளில் கட்டியது கோடையில் தளர்வதும் இதனாலேயே. பாலியெஸ்டர் நூல் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்பதால் கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது. இயற்கை நூலையே விரும்புவோர் அதனைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்தலாம். பிசிறு அடங்கும், ஈரம் உட்புகுவதும் தாமதப்படும்.

தூசிக்கு அஞ்சிக் கண்ணாடிப் பேழையில் வைப்பதிலும் ஓர் இடர் உண்டு. பழைய பெட்டிகளின் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயம் மிகுந்த கலவையால் வார்க்கப்பட்டவை. கருவாலி மரமும், ஒட்டுப்பலகையும், வெண்பசையும் சிறிது சிறிதாக அசிட்டிக் அமில ஆவியை வெளியிடுகின்றன. காற்றோட்டமற்ற பேழையில் அது ஈயத்தைத் தாக்கி ஈய அசிட்டேட்டாக்குகிறது. காற்றின் கரியமிலவாயு அதனை வெண்ணிறக் கார்பனேட்டாக மாற்ற, அமிலம் மீண்டும் விடுபட்டு அடுத்த ஈயத்தைத் தாக்குகிறது. இச்சுழற்சி காரணமாக அணுவளவு அமிலமே போதும். சில ஆண்டுகளில் பீரங்கி வெண்பொடியாக உதிரும். வண்ணம் பூசுவதால் இது நிற்பதில்லை. பித்தளையையோ வெள்ளீயக் கலவையையோ மாற்றாகக் கொண்டு, பேழையின் அடியிலும் மேலும் மெல்லிய துணியால் மூடிய காற்றுத் துளைகள் சில விடுதல் வேண்டும். உதிர்ந்த பொடி நச்சுத்தன்மை உடையதாகலின் அதனை வெறுங்கையால் துடைத்தலும் ஊதித் தள்ளுதலும் கூடா; ஈரத்துணியால் ஒற்றியெடுத்துத் துணியையும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.