சாலையை மறித்தால் போர் நிற்குமா?

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நாட்களில்தான் அந்தப் புயல் வந்தது. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டதில், ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. கடலில் இருப்பவர்களைத் தேடுங்கள், முதலமைச்சர் நேரில் வரட்டும், கேரள அரசு தருவதைப்போல நிவாரணம் தாருங்கள் என்று கரையிலிருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் ஓடிப்போனது.

டிசம்பர் 7-ம் தேதி நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் ரயில்கள் அப்படியே நின்றன. முதல்வர் வருவார் என்ற உறுதி கிடைத்த பிறகு, இரவில்தான் எழுந்தார்கள். ஐந்தாம் நாள், டிசம்பர் 12 அன்று, எடப்பாடி பழனிசாமி வந்தார். 10 லட்சமாக இருந்த நிவாரணம் 20 லட்சம் ஆனது. 19-ம் தேதி பிரதமர் மோடியும் வந்துபோனார்.

ரயிலில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் மறியல் பலித்தது. அப்படியானால், இதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம், பல மடங்கு ஆவேசத்தோடு, ஒரு போரை நிறுத்தச் சொல்லி 2008-லும் 2009-லும் சாலைகளை மறித்ததே, அது ஏன் பலிக்கவில்லை?

கொழும்பில் யாருக்கு வலிக்கும்?

ஈழத்தில் இறுதிப் போர் நெருங்கிய காலம். 2008 அக்டோபர் 14-ல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒரு கெடு வைத்தது. இரண்டு வாரத்துக்குள் போர் நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழி செய்யாவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 24-ல், கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. குடையோடும் குடையில்லாமலும் மக்கள் கைகோத்து நின்றார்கள்.

அடுத்த இரண்டே நாளில் கொழும்பிலிருந்து பசில் ராஜபக்ச டெல்லிக்கு வந்தார். பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார். நிவாரணப் பொருள் அனுப்பலாம் என்று பேச்சு முடிந்தது. ராஜினாமா கைவிடப்பட்டது. குண்டுவீச்சு நிற்கவில்லை.

டெல்லியை உண்மையிலேயே அசைக்கக்கூடிய பிடி அந்த ராஜினாமாதான். கூட்டணி ஆட்சியின் காலில் கட்டிய கயிறு அது. அதை அவிழ்த்துவிட்ட பிறகு எஞ்சியது தெரு மட்டுமே. தெருவில் நின்றவர்கள் குறை வைக்கவில்லை. 2009 ஜனவரி 29-ல் சென்னை சாஸ்திரி பவன் முன்பு முத்துக்குமார் என்ற 26 வயது இளைஞர் தீக்குளித்து இறந்தார். அந்த மரணத்தைப் போராட்ட உத்தி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு கல்லூரிகளையும் விடுதிகளையும் காலவரையின்றி மூடியது. மாணவர்கள் ஊருக்குத் திரும்பியதும், அவர்கள் ஒன்றுகூட இடமே இல்லாமல் போனது.

பிப்ரவரி 4-ல் பந்த். பல ஊர்களில் கடைகள் மூடிக் கிடந்தன. ஆனால், கோட்டாறு கம்போளத்தில் ஒரு நாள் கடையடைத்தால் கொழும்பில் யாருக்கு வலிக்கும்? அன்றாடம் மூட்டை தூக்கிக் கூலி வாங்குகிறவருக்குத்தான் வலிக்கும். அவரோ ஏற்கெனவே போருக்கு எதிரானவர்.

திசை மாறிய கோபம்

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஈழப் பிரச்சினைக்காக வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்து வந்தார்கள். பிப்ரவரி 17-ல் சுப்பிரமணியன் சுவாமி ஒரு வழக்குக்காக வந்தபோது நீதிமன்ற அறைக்குள்ளேயே அவர்மீது முட்டை வீசினார்கள். 19-ம் தேதி போலீஸ் கைது செய்ய வந்தது. கல்வீச்சு, தடியடி, வளாகத்திலிருந்த காவல் நிலையத்துக்குத் தீ வைப்பு. ஒரு நீதிபதி உட்படப் பலர் காயமடைந்தார்கள். உச்ச நீதிமன்றம் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவை விசாரிக்க அனுப்பியது.

அன்றிலிருந்து புறக்கணிப்பு தொடர்ந்தது, ஆனால் கோரிக்கை மாறிவிட்டது. தடியடி நடத்திய போலீஸ் அதிகாரிகள்மீது நடவடிக்கை வேண்டும் என்பதே முழக்கம். வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் செய்தியிலிருந்து இறங்கிப்போனார்கள். போலீஸ் செய்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த முட்டை பறந்த நிமிடத்தில் ஈழத்துக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

ஏப்ரல் 27-ல் கருணாநிதி மெரினா கடற்கரையில் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்தமாட்டோம் என்று இலங்கை அறிவித்ததும் சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். எறிகணைகள் அதன் பிறகும் விழுந்தன. குழித்துறையில் முதல்வர் வந்தாரா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. முள்ளிவாய்க்காலில் பீரங்கி ஓய்ந்ததா என்று போய்ப் பார்க்கப் பத்திரிகையாளர்களுக்குக்கூட அனுமதி இல்லை.

மே 13-ல் தமிழ்நாடு வாக்களித்தது. 39 இடங்களில் 27 திமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு. இத்தனை மாத மறியலும் பந்த்தும் வாக்குப்பெட்டிவரை போய்ச் சேரவில்லை என்பதை டெல்லி அன்று தெரிந்துகொண்டது.

தள்ளுவண்டியோடு நெடுஞ்சாலையில்

கடல் கடந்த தமிழர்கள் என்ன செய்தார்கள்? லண்டனில் ஏப்ரல் 6-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்தார்கள். பிறகு நாடாளுமன்றச் சதுக்கத்தில் 70 நாளுக்கு மேல் அமர்ந்தார்கள். பரமேஸ்வரன் சுப்பிரமணியன் என்பவர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 29-ல் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட், பிரெஞ்சு அமைச்சர் குஷ்னரோடு கொழும்புக்குப் போய்ப் போர் நிறுத்தம் கேட்டார். கொழும்பு மறுத்துவிட்டது. தெரு, லண்டன் அமைச்சரை விமானம் ஏற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் அந்த அமைச்சர் கையிலும் எதுவும் இல்லை.

பரமேஸ்வரன் கதைக்கு ஒரு வால் உண்டு. அவர் ரகசியமாக பர்கர் தின்றார், போலீஸ் அதைப் படம் பிடித்தது என்று சில மாதங்களுக்குப் பின் டெய்லி மெயிலும் சன் பத்திரிகையும் எழுதின. வழக்குப் போட்டார். அப்படி ஒரு வீடியோவே இல்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. 2010-ல் இரு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. போராடுகிறவரின் பெயரைக் கெடுத்தால் போராட்டத்தின் பெயரும் கெடும் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரியும். அவர் ஒழுங்காக இருந்தாலும்கூட அந்த அடி விழும்.

டொரன்டோவில் 2009 ஜனவரியில் பல்லாயிரம் பேர் போக்குவரத்துக்கு இடையூறு இல்லாமல் நடைபாதையில் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். நாடு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மே 10, ஞாயிற்றுக்கிழமை, அங்கே அன்னையர் தினம். முந்தைய இரவு எறிகணையில் நூற்றுக்கணக்கானோர் இறந்த செய்தி வந்திருந்தது. மாலையில் கூட்டம் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறிவிட்டது. முன்னால் பெண்கள், குழந்தைகள், தள்ளுவண்டிகள். நள்ளிரவுவரை நகரின் முக்கியச் சாலை முடங்கியது. பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்புவோம் என்று லிபரல் கட்சித் தரப்பு சொன்ன பிறகே இறங்கினார்கள்.

மறுநாள் கனடா முழுக்க இதே பேச்சு. ஆனால் பேச்சு எதைப் பற்றி? குழந்தைகளைச் சாலைக்குக் கொண்டுவரலாமா, பிடித்த கொடி யாருடையது, ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று. எட்டு நாளில் போரே முடிந்துவிட்டது. இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

ஒழுங்காக நடந்தால் மட்டும்?

இதைக் காட்டி, ‘மறியலே தப்பு, அமைதியாக ஊர்வலம் போயிருக்க வேண்டும்’ என்று சொல்கிறவர்கள் 2003 பிப்ரவரி 15-ஐ நினைத்துப் பார்க்கலாம். இராக் போர் வேண்டாம் என்று உலகெங்கும் சுமார் 600 நகரங்களில் மக்கள் திரண்டார்கள். பெரும்பாலும் ஒழுங்கான ஊர்வலங்கள். மார்ச் 20-ல் பாக்தாத்மீது குண்டு விழுந்தது. யாருக்கும் தொந்தரவு தராததால் மட்டும் ஒரு போராட்டம் வென்றுவிடாது.

அந்த மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை டொரன்டோவில் இருந்தவர்களுக்கு உறவினரின் போன் வருவது நின்று வாரக்கணக்காகியிருந்தது. மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, கைகோத்துப் பார்த்தாயிற்று. ‘நடைபாதையிலேயே நில்லுங்கள்’ என்று அவர்களிடம் சொல்லியிருக்கக்கூடியவர் யார்? மறியல் அவர்களின் துயரத்தை ஒரே இரவில் நாடறியச் செய்தது. அதே இரவில் பலரை எரிச்சல்படவும் வைத்தது. இரண்டும் நடந்தன. போரை நிறுத்தும் சாவி மட்டும் அந்தச் சாலையில் போன எந்தக் காரிலும் இல்லை.

சாவி இருக்கும் இடம் பார்த்துத் தட்டியபோது கதை கொஞ்சம் மாறியது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழ்நாடெங்கும் பரவியது. மார்ச் 19-ல் திமுக மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. இரண்டு நாள் கழித்து, ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2008 அக்டோபரில் அவிழ்த்துவிட்ட கயிறு அப்போது இழுக்கப்பட்டது, போர் முடிந்து நான்கு வருடம் கழித்து.

கனடாவில் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானம் 2022-ல் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குக் காரணம் அந்த ஒரு மாலை மறியல்தான் என்றால் அது மிகை. தமிழர் வாக்கு, தமிழர் உறுப்பினர்கள், பல வருட அலைச்சல் எல்லாம் அதில் உண்டு. 2025 மே மாதம் பிராம்ப்டன் நகரில் நினைவுச்சின்னமும் திறக்கப்பட்டது. கொழும்பு அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது.