மனச்சிதைவு வந்தவருக்கு மீன் கொடுக்கலாமா?

சந்தேகம்: தம்பிக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரதம் கூடினால் நோயும் கூடும் என்கிறார்கள். சாளை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானா?

விளக்கம்: நிறுத்த வேண்டியதில்லை. சாளையின் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் கலக்கும். ஆனால் துறைமுக வாசலில் பாஸ் பார்த்து விடுவதுபோல, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ஆள்பார்த்துத்தான் உள்ளே விடும். குளூட்டமேட் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். தனக்கு வேண்டியதை மூளையே செய்துகொள்கிறது. அஜினோமோட்டோவும் குளூட்டமேட் உப்புதான்; அந்தப் பயத்துக்கும் இதே பதில்தான். பார்க்கப்போனால் நம் ஊர் மக்ரூன் இனிப்பில்தான் கவனம் வேண்டும். அதிலுள்ள வெள்ளைக்கருவும் முந்திரியும் இருக்கட்டும், சீனிதான் சிக்கல். இந்நோய்க்கான மாத்திரைகள் பலவும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை.

சந்தேகம்: அப்படியானால் அமினோ அமிலத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா?

விளக்கம்: இருக்கிறது. நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி பேங்க் லாக்கர் மாதிரி. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். ஒன்று குளூட்டமேட், மற்றது கிளைசின் அல்லது டி-செரின். பிசிபி என்ற போதைப்பொருள் இந்த லாக்கரை அடைத்துவிடும். அதை எடுத்தவர்கள், நோயே இல்லாதவர்கள்கூட, மனச்சிதைவு வந்தவர் போலவே நடந்துகொண்டார்கள். விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் அங்கேதான் தட்டியது. டிரிப்டோபான் என்ற இன்னொரு அமினோ அமிலம் சிதையும்போது கைனுரெனிக் அமிலம் உண்டாகும். அது இரண்டாம் சாவித் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நோயாளிகளின் தண்டுவட நீரில் இது கூடுதலாக இருப்பதை 2001-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணமா, விளைவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

சந்தேகம்: ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

விளக்கம்: தெரியாது. டாக்டர் பேசிப் பார்த்துத்தான் நோயை முடிவுசெய்கிறார்.

சந்தேகம்: கிளைசின் பவுடர் ஆன்லைனில் கிடைக்கிறதே?

விளக்கம்: நாளுக்கு 60 கிராம்வரை கொடுத்தே பார்த்தாயிற்று. சிறு ஆய்வுகள் ஆசை காட்டின. 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் வெற்று மருந்தைவிட மேலாக ஒன்றுமில்லை. மூளையில் கிளைசினைக் கூட்டுவதற்கென்றே வந்த ஐக்லெபெர்டின் மாத்திரையும் 2025 ஜனவரியில் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. கம்பெனிக்கே கைகொடுக்காததை நாம் டப்பாவில் வாங்கி என்ன செய்ய? அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சந்தேகம்: தம்பி சங்கு குளிக்கிறவன். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

விளக்கம்: இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றாலும், சங்குக்கு ஆள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும், சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். கடலுக்கடியில் வேலை என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; சீட்டில் அது தானாக வராது. மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா, மாதம் ஒருமுறை போடும் ஊசி ஒத்துவருமா என்றும் கேளுங்கள். நேரில் போக முடியாத நாளில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை தம்பி படகிலேயே இருக்கட்டும்.