மாமி அமெரிக்கா போகிறாள்!

எங்கள் எதிர் வீட்டு மாமி அமெரிக்கா போகிறாள். நியூ ஜெர்ஸியில் இருக்கும் பெண்ணுக்குத் தை மாதம் பிரசவம். அதுவும் தலைப் பிரசவம். கேட்பானேன்! ஒரு மாதமாகவே அந்த வீடு வீடாக இல்லை. கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. சாம்பார்ப் பொடி, பிரசவ லேகியம், வசம்பு, குழந்தைக்குக் காப்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே போவதும், எடை பார்த்ததும் அவற்றில் பாதி வெளியே வருவதுமாக ஒரே அமர்க்களம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மாமி என்னை வாசலிலேயே மடக்கிவிட்டாள். கையில் ஒரு கற்றைக் காகிதம்.

"ஏண்டிம்மா, நீதான் பத்திரிகையிலே எழுதறவளாச்சே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். மாமா கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு அவசரப்படுத்தறார். எனக்கென்னமோ மனசு ஒப்பலை."

வாங்கிப் பார்த்தேன். பிரயாண இன்ஷூரன்ஸ் விண்ணப்பம். மாமா தம் முத்து முத்தான கையெழுத்தில் எல்லாவற்றையும் பூர்த்தி செய்திருந்தார். மாமியின் விரல் ஓர் இடத்தில் நின்றது. 'இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, இருதய நோய் முதலியவை உங்களுக்கு உண்டா?' என்று ஒரு கேள்வி. எதிரே, 'இல்லை' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக்.

"எட்டு வருஷமா தினம் காலம்பற பிரஷருக்கு மாத்திரை முழுங்கிண்டிருக்கேன். இல்லைன்னு எப்படிடி போடறது?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "உண்டுன்னு போட்டா பிரீமியம் ஏறும். ஏஜெண்டே இல்லைன்னு போடச் சொல்லிட்டான். மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றார். இப்போ உனக்குப் பிரஷர் நார்மலாத்தானே இருக்கு?"

நார்மலாக இருப்பது மாத்திரையினால் என்று மாமாவிடம் யார் சொல்வது? ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை நான்கு வருஷங்களுக்கு முன் டெக்ஸாஸில் இருக்கும் பிள்ளையிடம் போனாள். அவளுக்கும் இதே கேள்வி, அதே பதில். போன மூன்றாவது மாதம் ஒரு நாள் நடு இரவில் மார்பு வலி. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் 1986-ல் வந்த ஒரு சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளியைப் பணம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல சட்டந்தான். ஆனால் பில் போடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை!

படுக்கையின் பக்கத்தில் நின்ற அத்திம்பேரிடம் டாக்டர் கேட்டார்: "இவருக்கு முன்பே ஏதாவது வியாதி உண்டா? என்ன மருந்து சாப்பிடுகிறார்?" மனைவியின் உயிர் ஊசலாடும்போது எந்தப் புருஷன் பொய் சொல்வார்? "பத்து வருஷமாகப் பிரஷர். இன்ன மாத்திரை, தினம் ஒன்று" என்று ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதுதான் சரி. அத்தை பிழைத்து எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நர்ஸ் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். அந்தக் குறிப்பு, ஆஸ்பத்திரி பில்லோடு சேர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போயிற்று. அங்கே அத்தை கையெழுத்திட்ட விண்ணப்பம் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு காகிதங்களும் ஒரே மேஜைமேல் சந்தித்தன. அப்புறம் கம்பெனியிலிருந்து வந்தது ஒரே ஒரு பக்கக் கடிதம்: 'முன்பே இருந்த நோயைத் தெரிவிக்காததால் தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை.'

அத்தையின் பிள்ளை அந்தப் பில்லை இரண்டு வருஷம் தவணை கட்டித் தீர்த்தான். 'இல்லைன்னு போடுங்கோ' என்று சொன்ன ஏஜெண்டு என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அவர் எண்ணுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அத்தை போட்ட கையெழுத்துக்குத்தான் சாட்சி இருந்தது. இப்போது விண்ணப்பங்களை இணையதளத்திலேயே பிள்ளைகள் பூர்த்தி செய்துவிடுகிறார்கள். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டிவிட்டால் தீர்ந்தது. அந்த எண்ணைக் கொடுப்பதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான்.

கம்பெனி செய்தது அநியாயம் என்று நான் அப்போது ஆத்திரப்பட்டேன். நிதானமாக யோசித்தால் அப்படி முழுவதும் சொல்லிவிட முடியவில்லை. இன்ஷூரன்ஸ் என்பதே நம் வாக்கை நம்பி நடக்கும் வியாபாரம். பிரயாண பாலிஸிகளில் பலவற்றுக்கு வைத்தியப் பரிசோதனைகூடக் கிடையாது. நாம் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் பிரீமியத்தை நிர்ணயிக்கிறார்கள். அந்த ஆதாரமே பொய் என்றாகிவிட்டால் பாலிஸி முழுவதுமே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பிரஷரை மறைத்த மாமி பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், 'காலுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நாம் கேட்கலாம். அதையும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"அப்போ உண்டுன்னு போட்டா பணம் குடுத்துடுவானா?" என்றார் மாமா, கூடத்துக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தபடி. கெட்டிக்காரர், விஷயத்தின் முடிச்சை அவர்தான் பிடித்தார்.

கொடுத்துவிட மாட்டார்கள், அதுதான் வேடிக்கை. சாதாரணப் பிரயாண பாலிஸியில், முன்பே உள்ள வியாதியினால் வரும் செலவு சேராது. சொன்னாலும் சேராது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலைமை வந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டுத் தருவதாகச் சில பாலிஸிகளில் இருக்கும். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பழைய வியாதிகளையும் சேர்த்துக்கொள்ளும் பாலிஸிகளும் உண்டு. மாமி தேட வேண்டியது அந்த ரகம். 'எல்லாம் கவர் ஆகும், அம்மா' என்ற வாய் வார்த்தை போதாது. பாலிஸியில் எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவில், எத்தனை டாலர் வரை என்று அச்சில் காட்டச் சொல்ல வேண்டும். புடைவைக் கடையில் ஜரிகையைத் திருப்பிப் பார்க்காமல் நாம் வாங்குகிறோமா என்ன?

அடுத்தபடி நாள் கணக்கு. "ஆறு மாசத்துக்குப் போட்டிருக்கேன்" என்றார் மாமா பெருமையோடு. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தோம். நவம்பர் 20-ந் தேதி புறப்பாடு. மே 22-ந் தேதி திரும்பி வருகை. மாமி விரல் விட்டு எண்ணினாள். 184 நாட்கள்! பாலிஸியோ 180 நாட்களுக்கு. கடைசி நான்கு நாட்கள் மாமாவும் மாமியும் பகவான் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருக்க வேண்டியதுதான். பல கம்பெனிகளில் 180 நாள்தான் எல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் பாலிஸி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்து நீட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை கோரிக்கை எதுவும் இல்லாமல் இருந்தால் நீட்டிப்பது சுலபம்.

தொகை எவ்வளவுக்கு எடுப்பது? 50,000 டாலர் முதல் 5 லட்சம் டாலர் வரை பல படிகள் உண்டு. பிரீமியம் குறைவு என்று கீழ்ப் படியிலேயே நின்றுவிடுவது அமெரிக்கப் பிரயாணத்துக்கு உதவாது. அங்கே வைத்தியம் அப்படி விலை. ஆனால் தொகையை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அறை வாடகைக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு என்று உள்ளுக்குள்ளேயே தனித்தனி வரம்பு வைக்கும் பாலிஸிகள் பல. வெளியே லட்சம், உள்ளே திறந்தால் சின்னச் சின்ன டப்பாக்கள்! தவிர, ஒவ்வொரு முறையும் முதல் 100 டாலரோ அதற்கு மேலோ நம் கையிலிருந்து போக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

மாப்பிள்ளை, அமெரிக்காவிலேயே ஒரு பாலிஸி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வாங்கலாம், தப்பில்லை. அங்கே உள்ளவற்றில் இரண்டு ஜாதி. ஒன்று, டாக்டரைப் பார்த்தால் இத்தனை, எக்ஸ்ரேக்கு இத்தனை என்று நிர்ணயித்த தொகையை மட்டும் கொடுப்பது. மீதி நம் தலையில். பிரீமியம் மலிவாக இருக்கும். மற்றொன்று, பில்லில் பெரும் பகுதியை ஏற்பது. இரண்டாவதுதான் வயதானவர்களுக்கு ஏற்றது. நம் ஊர்ப் பாலிஸியை எடுப்பதென்றால் விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். 'நம்மிடந்தான் மெடிக்ளெயிம் இருக்கிறதே' என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அது சாதாரணமாக இந்தியாவுக்குள் செய்யும் வைத்தியத்துக்கு மட்டுமே.

"நகைக்கு?" என்றாள் மாமி, கழுத்தைத் தடவிக்கொண்டே.

நகைக்குக் கிடையாது. பிரயாண பாலிஸிகளில் தங்கம், பணம் இரண்டும் சாதாரணமாகச் சேர்வதில்லை. பெட்டி தொலைந்தாலோ தாமதமாக வந்தாலோ ஒரு தொகை உண்டு. அதற்கும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஏர்லைன்ஸ் கவுண்டரில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். உடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் விமானக் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்பது பல தேசங்கள் ஒப்புக்கொண்டிருக்கும் விதி.

ஐரோப்பாவுக்கு 'டூர்' போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விஸாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆகவே அவசர அவசரமாக ஏதோ ஒன்றை வாங்கி விஸா விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து, ஐரோப்பிய வானமெங்கும் சாம்பல் பரவியது. ஏறக்குறைய ஒரு வாரம் விமானங்கள் பறக்கவில்லை. லட்சக்கணக்கான பிரயாணிகள் விமான நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். பாலிஸியை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் எரிமலைச் சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை! கொடுப்பதா வேண்டாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. விமானம் ரத்தானால் என்னென்ன காரணங்களுக்குப் பணம் உண்டு என்ற பட்டியலை வாசித்துப் பார்ப்பது பத்து நிமிஷ வேலை.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரயாணிகளுக்கான இன்ஷூரன்ஸ் பிரபலமானதே ரயிலில்தான். 1849-ல் லண்டனில் ஒரு கம்பெனி ரயில் டிக்கெட்டோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் விற்க ஆரம்பித்தது. மூன்றாம் வகுப்புக்காரர் ஒரு பென்னி கொடுத்தால் உயிருக்கு 200 பவுன். முதல் வகுப்புக்காரர் மூன்று பென்னிக்கு 1,000 பவுன். உயிரிலும் வகுப்பு!

நம் ஊரில் அந்தப் பேதம் இல்லை. ரயில்வேயின் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒருவருக்கு அரை ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்தால், எந்த வகுப்பானாலும் விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முழு ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. ஸ்டேஷன் கவுண்டரில் வாங்கும் டிக்கெட்டுக்கு இது கிடையாது. டிக்கெட் எடுத்ததும் செல்போனுக்கு ஒரு செய்தி வரும். யாருக்குப் பணம் சேர வேண்டும் என்ற பெயரை அதில் உள்ள இணைப்பில் பதிய வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறோம். 2023 ஜூன் 2-ந் தேதி ஒடிஸாவில் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானதே, அதற்குப் பிறகு நான் அழிப்பதில்லை.

நியாயமான கோரிக்கையைக் கம்பெனி மறுத்துவிட்டால் என்ன செய்வது? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை விசாரிக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அத்தையை நான் போகச் சொன்னேன். "நானே பொய்யிலே கையெழுத்துப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட அங்கே போய் நிக்கறது?" என்று சொல்லிவிட்டாள்.

அத்தை கதையைக் கேட்ட பிறகு மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் புது விண்ணப்பம் வந்தது. இந்தத் தடவை மாமியே பேனாவை எடுத்து, 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டு, மாத்திரையின் பெயரையும் எழுதினாள். பழைய வியாதிக்கும் சேர்த்து ஒரு பாலிஸி கிடைத்தது. 190 நாட்களுக்குத் தரும் கம்பெனியாகத் தேடிப் பிடித்தார் மாமா. பிரீமியம் ஏறத்தான் ஏறிற்று. அவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். "உங்க தங்கை பொண்ணு கல்யாணத்துக்கு மொய் எழுதினதைவிடக் கம்மிதான்" என்று மாமி ஒரு போடு போட்டாள், முணுமுணுப்பு நின்றது.

நேற்றுப் போயிருந்தேன். இரட்டை வடச் சங்கிலியும் வளையல்களும் பாங்கு லாக்கருக்குப் போய்விட்டன. பாலிஸியின் ஒரு பிரதி மாமாவின் பையில், ஒன்று மாமியின் பையில், ஒன்று மாப்பிள்ளைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் உடனே கூப்பிட வேண்டிய 24 மணி நேர உதவி எண்ணையும் பாலிஸி எண்ணையும் மாமி ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, சாம்பார்ப் பொடி டப்பாவின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கே போய் தினம் நான் திறக்கப் போறது இதைத்தானேடி!"