தீயை ஏற்றச் சொல்லும் டி செல்

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரர் கரண்டி பிடிப்பது அபூர்வம். யாராவது குழம்பைக் கொண்டுவந்து நீட்டினால், உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைப்பார். "விறகைத் தள்ளு", "தீயைக் குறை" என்பார். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்தால் நோயெதிர்ப்புச் செல்லான டி செல் பார்க்கும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

கொதி வராத குழம்பு

கிருமியை முதலில் விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல். விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, அமிலமும் நொதிகளும் சேர்த்துக் கரைப்பது அதன் வழக்கம். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடும். குழம்பு அடுப்பில் ஏறியாயிற்று, கொதிதான் வரவில்லை. கிருமி உள்ளேயே பெருகுகிறது.

ருசி பார்த்தல்

டென்ட்ரைட்டிக் செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்புச் செல் கிருமியின் புரதத்தைத் துணுக்குகளாக நறுக்கி, எம்.எச்.சி. புரதம் என்ற கரண்டியில் ஏந்தி, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும். முழுக் கிருமியைக் காட்டினால் டி செல்லுக்குத் தெரியாது, துணுக்குதான் வேண்டும். அதிலும் ஒவ்வொரு டி செல்லின் நாக்கும் ஒவ்வொரு ருசிக்குப் பழகியது. பெரும்பாலானவை உதட்டைப் பிதுக்கிவிட்டு நகரும். ருசி பிடிபட்டவை மட்டும் பிரிந்து பிரிந்து பெருகும். இதற்கெல்லாம் நாளாகும். தொற்றியபின், காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மாண்டூ பரிசோதனையில் தோல் தடிக்க 2 முதல் 8 வாரங்கள் ஆவது இதனால்தான்.

விறகைத் தள்ளு

பெருகிய சி.டி.4 வகை டி செல்கள் நுரையீரலுக்கு வந்து, மேக்ரோஃபேஜ் நீட்டும் துணுக்கையும் ருசி பார்த்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். உடனே மேக்ரோஃபேஜ் பைக்குள் அமிலம் ஏறும், கிருமி வெந்துபோகும். தப்பியவை கிரானுலோமா என்ற செல் திரளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். எச்.ஐ.வி. இந்த சி.டி.4 செல்களை அழித்துவிடுவதால்தான் அடைபட்ட காசநோய் அவ்வளவு எளிதாகத் தலைதூக்குகிறது.

தீயைக் குறை

அப்படியானால் தீ கூடக்கூட நல்லதா? இல்லை. டி செல்லின் வேகத்தைத் தணிப்பது அதன் மேலுள்ள பி.டி.-1 புரதம். அது இல்லாத எலிகள் காசநோய் தொற்றியதும் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் செத்தன. புற்றுநோய்க்காக பி.டி.-1ஐத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களில் சிலருக்குக் காசநோய் வெளிப்பட்டிருக்கிறது. நோயாளியின் நுரையீரலில் குழி விழுவதிலும் நம் சொந்த அழற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே காசநோய்க்குப் புதுத் தடுப்பூசி தேடுகிறவர்கள் டி செல்லை உசுப்பிவிட்டால் மட்டும் போதாது. அது எந்தப் பதத்தில் நிறுத்தும் என்பதையும் கவனித்தாக வேண்டும்.