தன் காலைத் தானே பார்க்கப் போன எம்.பி.யைத் தெரியுமா?

செத்த பிறகு உடலை மியூசியத்துக்குக் கொடுத்தவர்கள் உண்டு. உயிரோடு இருக்கும்போதே ஒரு காலை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு, அப்புறம் தானே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவரைத் தெரியுமா? டேனியல் சிக்கிள்ஸ்! நியூயார்க் வக்கீல், எம்.பி., கொலையாளி, ஜெனரல், தூதர். எல்லாம் ஒரே ஆள்தான்!

1859 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் சிக்கிள்ஸ் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுகிறார். மனைவி தெரசாவுக்கான சிக்னல் அது! ஆட்டியவர் பிலிப் பார்ட்டன் கீ. அமெரிக்க தேசியகீதத்தை எழுதியவரின் மகன். துப்பாக்கிகளோடு பாய்ந்தார் சிக்கிள்ஸ். நட்ட நடுப்பகலில், வெள்ளை மாளிகைக்கு எதிரே, சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, சுட்டே கொன்றுவிட்டார். இன்னொரு வேடிக்கை: அந்த ஊரின் அரசு வழக்கறிஞரே கீ தான்!

தூக்குதானே? இல்லை! ஆத்திரத்தில் அந்த நேரத்துக்கு மட்டும் புத்தி பேதலித்துவிட்டது என்று வாதாடினார்கள் வக்கீல்கள். அமெரிக்காவில் அந்த வாதம் ஜெயித்தது அதுதான் முதல்முறை என்பார்கள். அந்த வக்கீல்களில் ஒருவர், பின்னாளில் லிங்கனின் போர் அமைச்சரான எட்வின் ஸ்டான்டன். விடுதலையானதும் ஊரே கொண்டாடியது. சில மாதம் கழித்து அவர் மனைவியை மன்னித்துச் சேர்த்துக்கொண்டாரே, அப்போதுதான் ஊர் காறித் துப்பியது! கொன்றது தப்பில்லையாம், மன்னித்ததுதான் தப்பாம். இத்தனைக்கும் சிக்கிள்ஸ் ஒன்றும் ஏகபத்தினி விரதர் அல்ல.

1863 ஜூலை 2, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களம். இப்போது ஜெனரலாகிவிட்ட சிக்கிள்ஸ், மேலிடத்து உத்தரவை மீறிப் படையை முன்னே நகர்த்தினார், படை சின்னாபின்னமானது. பீரங்கிக் குண்டு அவருடைய வலது காலைச் சிதைத்தது. சுருட்டு பிடித்தபடியே ஸ்ட்ரெச்சரில் போனாராம்! வெட்டி எடுத்த காலை, சவப்பெட்டி போன்ற குட்டிப் பெட்டியில் வைத்து, தன் விசிட்டிங் கார்டோடு ராணுவ மருத்துவ மியூசியத்துக்கு அனுப்பினார். ஆண்டுதோறும் அதே நாளில் போய்ப் பார்த்து வந்தார் என்கிறார்கள்.

உத்தரவை மீறியதற்குத் தண்டனை? அதே போருக்காக 1897-ல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்! அதற்கு முன்பே ஸ்பெயினுக்குத் தூதர், மறுபடியும் எம்.பி. கெட்டிஸ்பர்க்கைத் தேசியப் போர் நினைவுப் பூங்காவாக்கிய 1895 சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

1914-ல் கண்ணை மூடினார். உடல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கல்லறையில். அந்தக் கால் எலும்போ மேரிலாந்து மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. நடுவே போடோமேக் ஆறு ஓடுகிறது.