கல்கத்தாவின் அன்ன ஊர்தி

பறவை வடிவில் ஊர்தி சமைக்கும் எண்ணம் தமிழிலக்கியம் பயில்வார்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றித் தப்புவிக்கின்றான். அம்மயில் உயிர்காக்கப் பறந்தது. செல்வச் செருக்கைக் காட்டுதற்கென்றே பிறந்த அன்னம் ஒன்று 1910ஆம் ஆண்டில் கல்கத்தா வீதியில் ஓடியது. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள லோஸ்டாஃப்ட் என்னும் துறைமுக நகரில், ஜான் வால்டர் புரூக் என்பார் 1874இல் வார்ப்பாலை ஒன்றை நிறுவினார். படகு எந்திரங்களால் பெயர்பெற்ற அந்நிறுவனம், 1901 முதல் மோட்டார் வண்டிகளும் செய்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்னும் செல்வர், அன்ன வடிவில் தமக்கொரு வண்டி வேண்டுமென, புரூக் நிறுவனத்தார் செய்தளித்தனர்.

வண்டியின் முன்புறம் வளைந்த கழுத்தும் தலையுமாக அன்னம் நிமிர்ந்து நிற்கும். இரவில் அதன் கண்களில் மின்விளக்குகள் ஒளிரும். எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோடு அலகு இணைக்கப்பட்டிருந்தமையால், அலகு திறந்து வெந்நீராவியைப் பீய்ச்சும். வழியில் நிற்போர் அஞ்சி விலகுவர். பின்புறம் சுண்ணாம்புக் குழம்பு சொரிந்து பறவையின் எச்சத்தை நினைவூட்டும். புகைபோக்கியின் விசையால் இசைக்கும் குழற்கருவியும், கப்பலில் உள்ளது போன்று ஓட்டுநருக்கு ஆணையிடும் பொறியும் உள்ளே இருந்தன. வீதியில் பெருங்குழப்பம் விளையவே, காவல் துறையினர் அதற்குத் தடை விதித்தனர்.

பின்னர் அவ்வன்னம் பஞ்சாபின் நாபா சமஸ்தான அரண்மனையை அடைந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தது. அந்நாபாவின் மன்னர் ரிபுதமன் சிங், ஆங்கில அரசின் நெருக்குதலால் 1923இல் அரியணை துறந்தார். 1928இல் அவரது பட்டமும் பறிக்கப்பட்டது. நம் சிலமலைக்கு வடகிழக்கே நீளும் பழனி மலைத்தொடரின் மீதுள்ள கோடைக்கானலில் அவர் காவலில் வைக்கப்பட்டார். 1942இல் அங்கேயே மறைந்தார். அன்னத்தின் வீட்டிற்கு உரியவர், நாம் நாள்தோறும் காணும் மலையில் சிறையிருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

புரூக் நிறுவனம் 1913இல் மோட்டார் வண்டித் தொழிலைக் கைவிட்டது. படகும் கப்பலும் கட்டி மேலும் பல்லாண்டுகள் நிலைத்தது. 1991இல் நெதர்லாந்தின் லோமன் அருங்காட்சியகத்தார் வாங்கிச் செப்பனிட்ட அன்னம், இன்று தி ஹேக் நகரில் ஓடாது நிற்கின்றது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரைச் சுமந்து செல்லும் ஜீப்புகளுக்கு அன்னத்தின் அழகு இல்லை. ஆயினும், ஒரு நாள் அவை ஓடாவிடின் பல வீடுகளில் அடுப்பெரியாது. ஊர்தியின் பெருமையை அளக்க இதனினும் சிறந்த கோல் உண்டோ?