7 நிமிடத்துக்குள் வரமுடியாமல் தவிக்கிறீர்களா? 'இன்டர்வெல்' விட்டு ஓடினால் போலீஸ் வேலை ஓட்டத்தில் ஜெயிக்கலாம்

விருதுநகர்:

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் கிளம்புவதற்கு முன்பே மைதானங்களில் வாலிபர்கள் ஓடத்தொடங்கி விடுகிறார்கள். இவர்களில் நிறைய பேருக்கு குறி ஒன்றுதான். போலீஸ் வேலை. அது இல்லாவிட்டால் ராணுவம்.

அப்பா, அம்மா மருந்து அறையில் பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் இங்கு ஏராளம். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானதை இந்தப்பகுதி மக்கள் மறக்கவில்லை. அதனால் காக்கிச்சட்டை என்பது இங்கு ஒருவரின் ஆசை அல்ல, ஒரு குடும்பத்தின் கனவு.

அந்த கனவுக்கு குறுக்கே நிற்பது ஒரு ஸ்டாப் வாட்ச். இரண்டாம் நிலை காவலர் தேர்வில், எழுத்து தேர்வை தாண்டிய ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. ஒரு வினாடி பிந்தினாலும் வெளியேதான்.

10 ரவுண்டு ஓடியும் ஏன் பலனில்லை?

"தினமும் 10 ரவுண்டு ஓடுறேன், ஆனா ஏழரை நிமிஷத்துக்கு கீழே வரமாட்டேங்குதே" என்பது மைதானத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல். இதில் தப்பு உழைப்பில் இல்லை. ஓடும் முறையில்தான் இருக்கிறது.

ஒரே வேகத்தில் மெதுவாக ஓடிப்பழகினால், மெதுவாக ரொம்ப தூரம் ஓடத்தான் உடம்பு பழகும். வேகம் வேண்டும் என்றால் வேகமாக ஓடித்தான் பழக வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் ஒரே மூச்சில் ரொம்ப தூரம் போக முடியாது. அதற்குத்தான் தூரத்தை துண்டு துண்டாக வெட்டி, நடுவில் கொஞ்சம் ஆசுவாசம் விட்டு ஓடுவது. சினிமாவுக்கு இடைவேளை மாதிரி ஓட்டத்துக்கும் ஒரு இடைவேளை. இதற்கு பெயரே 'இன்டர்வெல்' பயிற்சிதான்.

கணக்கு இதுதான்

400 மீட்டர் டிராக்கில் 1,500 மீட்டர் என்றால் மூன்றே முக்கால் ரவுண்டு. 7 நிமிடம் என்பது 420 வினாடி. அப்படியானால் ஒரு ரவுண்டுக்கு 112 வினாடி. ஏழரை நிமிடத்தில் ஓடுபவர் ஒரு ரவுண்டுக்கு 120 வினாடி எடுக்கிறார். ரவுண்டுக்கு வெறும் 8 வினாடிதான் இடிக்கிறது!

இவர் முதல் 2 வாரம் ஒரு ரவுண்டை 115 வினாடியில் ஓட வேண்டும். பிறகு 2 நிமிடம் நடை. மறுபடி ஒரு ரவுண்டு. இப்படி 6 தடவை. அடுத்த 2 வாரம் 110 வினாடி. அது கைவந்த பிறகு 105 வினாடி. 105 வினாடி வேகத்தை மூன்றே முக்கால் ரவுண்டுக்கும் தாக்குப்பிடித்தால் 6 நிமிடம் 34 வினாடியில் முடித்துவிடலாம்.

6 ரவுண்டு என்றால் 2,400 மீட்டர். தேர்வில் ஓடுவதோ 1,500 தான். தேர்வை விட அதிக தூரத்தை, தேர்வை விட அதிக வேகத்தில் கால் பார்த்துவிடுகிறது. இதுதான் இதன் சூட்சுமம்.

பெண்கள் 200 மீட்டராக வெட்டிக்கொள்ளலாம். தேர்வு வேகம் 200 மீட்டருக்கு 75 வினாடி. அதை 70 வினாடியில் 6 தடவை ஓடிப்பழகினால் போதும்.

நாடி சொல்லும் சேதி

இந்த முறைக்கு 1930-களில் உருவம் கொடுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பயிற்சியாளர் கெர்ஷ்லர், இதய டாக்டர் ரைன்டெல் ஆகியோர். வேகமாக ஓடும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். ஓய்வில் அது 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். ஒன்றரை நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் வேகம் அதிகம், குறைத்துக்கொள் என்று அர்த்தம்.

இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். கழுத்தில் விரல் வைத்து 10 வினாடி எண்ணுங்கள். 20 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 120. ஓடலாம். 25, 26 என்று இருந்தால் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

செருப்பு ஆலை தொழிலாளி

இந்த பயிற்சியை உலகம் முழுவதும் பிரபலமாக்கியவர் செக்கோஸ்லோவாக்கியா வீரர் எமில் ஜடோபெக். பாட்டா செருப்பு ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஆலை சார்பில் ஓடச்சொன்னதால்தான் ஓட்டத்துக்கே வந்தார். 400 மீட்டரை திரும்பத்திரும்ப ஓடி பழகிய அவர், 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5 ஆயிரம் மீட்டர், 10 ஆயிரம் மீட்டர், மாரத்தான் என 3 தங்கம் வென்றார். அதில் மாரத்தான் அவர் வாழ்நாளில் ஓடிய முதல் மாரத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

தனியாக ஓடாதீங்க

இந்த ஓட்டத்தை தனியாக ஓடினால் நான்காவது ரவுண்டிலேயே மனசு விட்டுப்போகும். நாலு பேர் சேர்ந்தால் கதை வேறு. "விடாதே மாப்ள, இன்னும் 100 தான்" என்ற ஒரு குரல் போதும், கால் தானாக நகரும்.

ஒரு மைலை, அதாவது சுமார் 1.6 கிலோ மீட்டரை 4 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடியவர் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர். 1954-ம் ஆண்டு மே 6-ந்தேதி அவர் அந்த சாதனையை படைத்தபோது, முன்னால் ஓடி வேகத்தை பிடித்துக்கொடுத்தவர்கள் அவருடன் பயிற்சி செய்த பிராஷர், சாட்டவே என்ற 2 நண்பர்கள். அதற்கு சில வாரம் முன்பு பயிற்சியில் ஒரு ரவுண்டுக்கு 61 வினாடிக்கு கீழே வரமுடியாமல் தவித்தார்கள். சில நாள் ஓட்டத்தையே விட்டுவிட்டு மலையேற போனார்கள். திரும்பி வந்ததும் 59 வினாடி! ஓய்வும் பயிற்சிதான்.

சேர்ந்து ஓடுவதற்கும் முறை உண்டு. ஒத்த வேகம் உள்ளவர்கள் ஒரு செட். ரவுண்டுக்கு ஒருவர் முன்னால் ஓட வேண்டும். ரோஷத்தில் முதல் ரவுண்டையே 90 வினாடியில் பறந்தால் கடைசி ரவுண்டு 130-க்கு போய்விடும். முதல் ரவுண்டும் 6-வது ரவுண்டும் ஒரே நேரம் வந்தால்தான் அன்றைய பயிற்சி சரி.

கோடு முக்கியம்

நேரம் பார்க்கும்போது உள் ஓரத்தில் உள்ள முதல் பாதையில்தான் ஓட வேண்டும். அதுதான் சரியாக 400 மீட்டர். 8-வது பாதையில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர் வரும். வாக்கிங் வரும் பெரியவர்கள் வெளிப்பாதையில் நடந்தால் இருவருக்கும் இடைஞ்சல் இல்லை.

உள்கோட்டை மிதிக்கும் பழக்கமும் கூடாது. புதுக்கோட்டை வீரர் லட்சுமணன் 2018-ம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10 ஆயிரம் மீட்டரில் 3-வதாக வந்தும், பாதையை விட்டு கால் வெளியே போனதால் வெண்கல பதக்கத்தை இழந்தார்.

ஊரில் டிராக் இல்லையா? கண்மாய்க்கரையிலோ, பள்ளிக்கூட மைதானத்திலோ டேப் பிடித்து 200 மீட்டர் அளந்து 2 கல் நட்டால் போதும். செல்போனிலேயே ஸ்டாப் வாட்ச் இருக்கிறது.

இதை மறக்க வேண்டாம்

* வாரத்துக்கு 2 நாள் மட்டும். அடுத்தடுத்த நாளில் கூடாது. மற்ற நாளில் மெது ஓட்டம் போதும்.

* ஓடும் முன் 10 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பை சூடேற்ற வேண்டும். முடித்ததும் உடனே உட்காரக்கூடாது, நடக்க வேண்டும்.

* கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரி ஷிப்ட் பார்த்து தூங்காமல் வந்தால் அன்று இந்த பயிற்சி வேண்டாம்.

* நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டாக்டரை பார்க்க வேண்டும். இளைப்பு, ரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

* தேர்வுக்கு முந்தைய ஒரு வாரம் கடும் பயிற்சி கூடாது.

அறிவிப்பு வரட்டும், அப்புறம் ஓடலாம் என்று இருந்தால் இந்த 8 வினாடி குறையாது. அதற்கு 6 முதல் 8 வாரமாவது பிடிக்கும். நாளைக்கே கூட்டாளிகள் நாலு பேரை எழுப்பிக்கொண்டு மைதானத்துக்கு கிளம்புங்கள்.